தம்ளர் சத்தம்

சேசு மரி சூசை

தூத்துக்குடி,
ஆகஸ்டு 14, 1944

கதை எழுதிய ஆவுடையப்பன் ஐயா அவர்களுக்கு, கஸ்பார் மச்சாது எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் இங்கு நானும் என் மருமகள் ஆக்னஸும் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுத வேண்டும்.

என்னை உங்களுக்குத் தெரியாது. உங்களை எனக்கும் தெரியாது. ஆனால் உங்கள் பெயரை எனக்கு வாசிக்கத் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு எழுபது வயது நெருங்குகிறது. வாலிபத்தில் முத்துக்குளிப்புக்கும் பிறகு சங்குகுளிப்புக்கும் போனவன். கடலுக்குள் குதிக்கிறவன் இல்லை. மேலே தோணியில் நின்று, குளிக்கிறவனுடைய கயிற்றைப் பிடிக்கிறவன். இப்போது சங்கைச் சேர்த்துவைக்கிற கிட்டங்கி வாசலில் காவல். போன ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில்தான் எழுத்துப் படித்தேன். ஆக்னஸ் குசினியில் மீன் அரிந்துகொண்டே சொல்லிக்கொடுத்தாள். செபப் புத்தகத்தில் உள்ள மந்திரமெல்லாம் எனக்கு மனப்பாடம். அதனால் வாய் முன்னால் போகும், விரல் பின்னால் போகும். விரல் நிற்கிற இடத்தில் வாயை நிறுத்தி, ஓகோ, இதுதான் ‘ம’ போலிருக்கிறது என்று பிடித்துக்கொள்வேன். அதன் பிறகு கரையில் கிடக்கிற தோணிகளின் பெயரை வாசித்தேன். எது யாருடைய தோணி என்று தூரத்திலேயே தெரியுமே! என்ன எழுதியிருக்கும் என்பதும் தெரியும்.

ஆகவே இத்தனை நாளும் தெரிந்ததைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். தெரியாத ஒன்றை முதன்முதலாக வாசித்தது உங்கள் கதையைத்தான்.

வீரபாகு அண்ணாச்சி கடையில் உடன்குடிக் கருப்பட்டி வாங்கினேன். அதைச் சுற்றிக் கொடுத்த காகிதத்தில் கதை இருந்தது. அந்த ஒரு தாளை வாசிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையிலிருந்து மறு ஞாயிற்றுக்கிழமை பூசை வரை ஆயிற்று. ஜப்பான்காரன் வருகிறான் என்று பர்மாவை விட்டு ஒரு மனிதன் நடக்கிறான். முதுகில் ஆறு வயதுப் பெண்பிள்ளை. அது இடுப்பில் ஒரு பித்தளைத் தம்ளரைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது. அப்பன் நடக்க நடக்க அது ணங் ணங் என்று அடிக்கிறது. ஒவ்வொரு மைல்கல்லிலும் பிள்ளை கேட்கிறது: “அப்பா, தூத்துக்குடி வந்துட்டா?”

“இங்கனதான் இருக்கேன், வா தாயி” என்று நான் கிட்டங்கி வாசலில் இருந்தபடியே சத்தமாகச் சொல்லிவிட்டேன். மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த லாரிக்காரன் திரும்பிப் பார்த்தான்.

ஆற்றங்கரையில் படகுக்கு நிற்கிறார்கள். ‘பிள்ளை திரும்பி’ என்று இருக்கிறது. அதோடு காகிதம் கிழிந்துவிட்டது. நான் கடைக்கு ஓடினேன்.

“அண்ணாச்சி, மிச்சக் காகிதம் எங்க?”

“என்ன மிச்சம்?”

“பிள்ள ஆத்தங்கரையில நிக்கி.”

“யாரு பிள்ள வே? மிச்சத்துல கடுகு கட்டி யாருக்குக் குடுத்தனோ. வீடு வீடாப் போயிக் கேளும்.”

நாலைந்து வீட்டில் கேட்டும் பார்த்துவிட்டேன். அதனால்தான் காகிதத்தின் மேல் ஓரத்தில் இருந்த பத்திரிகை விலாசத்துக்கு இதை எழுதுகிறேன். ஆற்றைக் கடந்தார்களா? இன்னொன்று. கதையில் பிள்ளைக்குப் பெயரே இல்லை. நான் கூப்பிட வேண்டியிருந்தால் என்ன சொல்லிக் கூப்பிடுவது?

ஆமென்.
கஸ்பார் மச்சாது

*

மதுரை,
செப்டம்பர் 20, 1944

மதிப்புக்குரிய அண்ணாச்சி கஸ்பார் மச்சாது அவர்களுக்கு, ஆவுடையப்பன் வணக்கம்.

உங்கள் கடிதத்தைப் பத்திரிகைக்காரர்கள் எனக்குத் திருப்பி அனுப்பினார்கள். நான் உடன்குடிக்காரன். ரங்கூனில் ஒரு மரக்கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தேன். இப்போது மதுரையில் வத்தல் மண்டியில் மூட்டைகளுக்கு மை தடவிக் குறி போடுகிறேன்.

அந்தக் கதை வெளிவந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நன்றாக இருக்கிறது என்றோ மோசம் என்றோ ஒருவரும் சொல்லவில்லை. தெரிந்தவர்களிடம் கொண்டுபோய்க் காட்டினேன். “ஓகோ, நீரா எழுதினீரு?” என்று கேட்டுவிட்டு, பக்கத்தைத் திருப்பி விளம்பரம் பார்த்தார்கள். பிறகு நான் எழுதவில்லை. பேனாவை மண்டிக் கணக்கப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன். இதைப் பென்சிலால் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும்.

காகிதம் கிழியாமல் இருந்திருந்தாலும் உங்களுக்கு மிச்சம் கிடைத்திருக்காது. ‘பிள்ளை திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்’ என்பதுதான் கடைசி வரி. அதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. ஏன் என்று கேட்க வேண்டாம்.

லாரிக்காரன் திரும்பிப் பார்த்தான் என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தை வாசித்தபோது கையில் மைத்தூரிகை இருந்தது. எந்த மூட்டைக்கு எந்தக் குறி என்பது மறந்துபோய், வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஆற்றைக் கடந்தார்கள். எப்படிக் கடந்தார்கள் என்று எழுதி இதோடு வைத்திருக்கிறேன். பத்திரிகைக்கு இல்லை, உங்களுக்கு. பெயர் மட்டும் கேட்காதீர்கள். கதைக்கு அது வேண்டியதில்லை.

கடிதத்தின் முடிவில் ஆமென் போட வேண்டியதில்லை அண்ணாச்சி. உங்கள் பெயரே போதும்.

இப்படிக்கு,
ஆவுடையப்பன்

*

சேசு மரி சூசை

தூத்துக்குடி,
நவம்பர் 6, 1944

தம்பி ஆவுடையப்பனுக்கு,

உடன்குடிக்காரரா நீர்! அப்படியானால் இனி நீர் என்றே எழுதுகிறேன். கருப்பட்டியும் உம் ஊர், கதையும் உம் ஊர். வீரபாகு அண்ணாச்சியிடம் சொன்னேன். “அதான் காயிதம் இனிச்சிருக்கு” என்றார்.

நீர் அனுப்பிய தாள்களை வாசித்துவிட்டேன். படகுக்காரன் பாரம் அதிகம் என்று எல்லாருடைய மூட்டையையும் பிடுங்கி ஆற்றில் எறிகிறான். பிள்ளை தம்ளரைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டு, வயிறு வலிக்கிறது என்று குனிந்து உட்காருகிறது. அந்த இடத்தில் நான் எழுந்துவிட்டேன். உட்கார்ந்து வாசிக்க முடியவில்லை. கிட்டங்கியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, அவன் கண்டுபிடிக்கவில்லை என்பதை நின்றபடியே வாசித்தேன். ஆக்னஸைக் கூப்பிட்டுச் சொன்னேன். “தம்ளர் தப்பிச்சிட்டுளா!” அவள், “மாமா, ஒலையில அரிசி கெடக்கு” என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்று கேட்டாள்.

ஒரு குறை உண்டு. சொல்லலாமா? நடுவில் யுத்தத்தைப் பற்றிப் பெரிய பெரிய வார்த்தைகள் வருகின்றன. ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டித் தாண்டிப் போனேன். தாண்டிப் போய்ப் பார்த்தால் பிள்ளையைக் காணோம். வார்த்தைக்குப் பின்னால் மறைந்து நிற்கிறது. எனக்குப் படிப்புக் குறைவு. அதனாலும் இருக்கலாம்.

நீர் எழுதுவதை விட்டுவிட்டேன் என்றீர். நாங்கள் கயிறு பிடிக்கும்போது, கீழே போனவனிடம் பேச முடியாது. தண்ணீருக்குள் பேச்சு போகாது. கயிற்றைத் தொய்ய விடாமல் கையில் வைத்திருப்போம், அவ்வளவுதான். அவன் கீழேயிருந்து சுண்டினால்தான் மேலே தூக்குவோம். என் மகன் மரியான் குளிக்கிறவன். அவன் சொல்வான்: “நீரு கயித்தத் தொட்டுக்கிட்டு நிக்கீருன்னு கீழ எனக்குத் தெரியும்ப்பா. அதுனாலதான் மூச்சு முட்டுனாலும் இன்னொரு சங்கு எடுக்கேன்.”

கயிறு என் கையில் இருக்கிறது. எழுதும்.

எழுதி முடித்தால் ஆமென் போடாமல் இருக்க எனக்கு வரவில்லை. நான் படித்த எழுத்தெல்லாம் அப்படித்தான் முடிகிறது. போடாவிட்டால் கதவைத் திறந்து போட்டுவிட்டு வந்தது போல இருக்கிறது.

ஆமென்.
கஸ்பார் மச்சாது

*

மதுரை,
பிப்ரவரி 11, 1945

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

பெரிய வார்த்தைகளை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு வாசித்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரிதான். அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

காலையில் மண்டி திறப்பதற்கு முன் எழுதுகிறேன். கூட வேலை செய்யும் செல்வதுரை, “ஓய், மூட்ட மேல கத எழுதிராதீரும், வாங்குதவன் வாசிச்சிட்டு அழுதான்னா வத்த நமத்துரும்” என்கிறான். சிரித்தேன். நான் சிரித்து அவன் பார்த்ததில்லையாம்.

ஆனால் நல்ல செய்தி இல்லை. எழுதியதையெல்லாம் பத்திரிகைக்கு அனுப்பினேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏற்கெனவே ஜனங்கள் யுத்தத்தால் மனம் நொந்திருக்கிறார்கள், சிரிப்பாக ஏதாவது இருந்தால் அனுப்பவும் என்று ஆசிரியர் எழுதியிருக்கிறார். தாள் கட்டை அப்படியே அடுப்பில் வைக்கலாம் என்று எடுத்தேன். சுற்றிக் கட்ட வைத்திருந்தது உங்கள் கடிதம். அதையும் சேர்த்து எரிக்க வேண்டுமே என்று கீழே வைத்துவிட்டேன்.

பிறகு உட்கார்ந்து மலைப்பாதை அத்தியாயங்களை எழுதினேன். இதோடு அனுப்பியிருக்கிறேன். கடுமையாக இருக்கும். மெதுவாக வாசியுங்கள் என்று சொல்ல வந்தேன். உங்களிடம் அதைச் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் மகன் மரியான் இப்போதும் சங்குகுளிக்கப் போகிறாரா? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஆவுடையப்பன்

*

சேசு மரி சூசை

தூத்துக்குடி,
ஏப்ரல் 9, 1945

தம்பி ஆவுடையப்பனுக்கு,

அந்த ஆசிரியர் தூத்துக்குடிக்கு வந்தால் நான் பேசிக்கொள்கிறேன்.

உம் மலைப்பாதையை நான் தனியாக வாசிக்கவில்லை. சாயங்காலம் வீரபாகு அண்ணாச்சி கடை முன்னால் பெஞ்சியில் உட்கார்ந்து சத்தமாக வாசிக்கிறேன். ஒவ்வொரு எழுத்தாகத்தான். சாமான் வாங்க வருகிறவர்கள் நிற்கிறார்கள். நேற்று இன்பமணி என்கிற பெண், “பாட்டா, சீக்கிரம் வாசியும், அங்க வீட்டுல பருப்பு கரியுது” என்றாள். “போயேம்ளா” என்றேன். போகவில்லை. பருப்பு கரிந்துவிட்டது. அவள் புருஷன் வந்து என்னிடம் சண்டை போட்டான். பிறகு அவனும், “ஆமா, அந்தப் பிள்ளைக்குச் சோறு கெடச்சிச்சா?” என்று கேட்டான்.

ஆனால் தம்பி, எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. பாதையின் ஓரத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர். வாந்திபேதி என்று எழுதியிருக்கிறீர். ஒரு தாய் தன் பிள்ளையை இலை போட்டு மூடிவிட்டு நடந்தாள் என்று எழுதியிருக்கிறீர். நேற்று அந்த வரிக்கு வந்ததும் அண்ணாச்சி தராசைக் கீழே வைத்துவிட்டார். அடுத்த தாளில், நம் பிள்ளைக்கு உடம்பு சுடுகிறது. அதோடு நிறுத்தியிருக்கிறீர்.

உம்மிடம் ஒன்று கேட்கிறேன். இது கதைதானே? பேனா உம் கையில்தானே இருக்கிறது? பிள்ளையை ஒன்றும் செய்துவிடாதீர். தூத்துக்குடிக்குக் கொண்டுவந்துவிடும். நாங்கள் எல்லோரும் இங்கே இருக்கிறோம்.

மரியானைக் கேட்டிருந்தீர். அவனைப் பற்றி வேறொரு சமயம் எழுதுகிறேன்.

ஆமென்.
கஸ்பார் மச்சாது

*

மதுரை,
மே 17, 1945

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

கடைசி அத்தியாயம் இதோடு இருக்கிறது. நீங்கள் கேட்டபடியே முடித்திருக்கிறேன். கடைக்கு வருகிற எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். சந்தோஷப்படுவார்கள்.

கதை முடிந்தது. இனி உங்களுக்குத் தொந்தரவு இல்லை.

இப்படிக்கு,
ஆவுடையப்பன்

*

சேசு மரி சூசை

தூத்துக்குடி,
ஜூன் 25, 1945

தம்பி ஆவுடையப்பனுக்கு,

கடைசி அதிகாரத்தை வாசித்தேன். காய்ச்சல் இறங்குகிறது. மலையைத் தாண்டுகிறார்கள். ரயிலேறித் தூத்துக்குடி வருகிறார்கள். கடலைப் பார்க்கிறார்கள். பிள்ளை கருப்பட்டி தின்கிறது. கடை முன்னால் வாசித்தபோது எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். இன்பமணி கைதட்டினாள். அண்ணாச்சி எல்லாருக்கும் ஒரு துண்டு கருப்பட்டி கொடுத்தார்.

நான் அதை வாயில் போட்டுக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்து மறுபடியும் முதலிலிருந்து வாசித்தேன். என்ன குறைகிறது என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. தம்ளர் சத்தம் இல்லை. ஆற்றில் தப்பிய தம்ளர், மலையெல்லாம் ணங் ணங் என்று வந்த தம்ளர், கடைசி அதிகாரத்தில் எங்கும் இல்லை. பிள்ளை தூத்துக்குடி வந்து இறங்குகிறது. ஆனால், வந்துட்டா என்று கேட்கவில்லை. ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அப்பன்தான் பேசுகிறான். கருப்பட்டியைக் கொடுக்கிறான், பிள்ளை தின்கிறது. பொம்மைக்கு ஊட்டுவது போல இருக்கிறது.

மரியானைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். ஆறு வருஷத்துக்கு முன்னால், காற்று நல்லபடியாக இருந்த ஒரு நாள், அவன் குதித்தான். கயிறு என் கையில். அவன் சுண்டவில்லை. நேரமாகிவிட்டது, இழும் இழும் என்று எல்லோரும் கத்தினார்கள். இழுத்தேன். கயிறு இலேசாக வந்தது. முதல் முழத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கடைசி முழம் வரை இழுத்தேன். கரைக்கு வந்த பிறகும் கயிற்றைக் கீழே போடாமல் நின்றேனாம், ஆக்னஸ் சொல்வாள். சுறாவா, நீரோட்டமா, ஒன்றும் தெரியாது. கிடைக்கவில்லை.

உம் கடைசி அதிகாரத்தை அப்படித்தான் வாசித்தேன். தெரிந்த பின்னும், கடைசி வரி வரை.

தம்பி, பிள்ளை இல்லை.

கேட்டது நான்தான். எனக்காக எழுதினீர் என்பதும் தெரியும். என்னால் அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை. இது கதை இல்லையோ என்று இப்போது நினைக்கிறேன். நான் தவறாக நினைத்திருந்தால் என்னை வையும். வைதாவது ஒரு கடிதம் எழுதும்.

ஆமென்.
கஸ்பார் மச்சாது

*

தூத்துக்குடி,
ஜூலை 30, 1945

தம்பிக்கு,

உம் கடிதம் இல்லை. கோபமென்றால் இருக்கட்டும். கயிற்றை ஆட்டிப் பார்க்கிறேன்.

ஆமென்.
கஸ்பார்

*

தூத்துக்குடி,
ஆகஸ்டு 27, 1945

தம்பிக்கு,

சண்டை முடிந்துவிட்டது என்று துறைமுகத்தில் கொடி கட்டியிருக்கிறார்கள். கப்பல்கள் சங்கு ஊதின. இன்பமணி உம் கதையைக் கேட்கிறாள். எழுத வேண்டாம். வெறும் கார்டில் உம் விலாசத்தை மட்டும் எழுதிப் போட்டால் போதும். நான் வாசித்துக்கொள்வேன்.

ஆமென்.
கஸ்பார்

*

மதுரை,
அக்டோபர் 8, 1945

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

உங்கள் ஜூன் மாதக் கடிதத்தை வாசித்துவிட்டுக் கிழிக்க எடுத்தேன். யார் இந்தக் கிழவர், எனக்குச் சொல்வதற்கு என்று இருந்தது. அதன் பிறகு வந்த கார்டுகளை வாசிக்காமலே வைத்திருந்தேன். போன வாரம்தான் வாசித்தேன். விலாசம் மட்டும் போதும் என்று எழுதியிருந்தீர்கள்.

அவள் பெயர் சந்தனமாரி. என் மகள். அவள் அம்மா ரங்கூனில் குண்டு விழுந்த அன்றே போய்விட்டாள். நாங்கள் இரண்டு பேரும்தான் நடந்தோம்.

மணிப்பூர் மலையில் அவளுக்கு வாந்திபேதி கண்டது. மேலே முகாமில் மருந்து இருக்கிறது, நிற்காமல் நடவும் என்றார்கள். அவள் அம்மாவின் சேலையால் அவளை முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். தூங்கிவிடக் கூடாது என்று கதை சொல்லிக்கொண்டே நடந்தேன். உடன்குடிச் செம்மணல் தேரியில் கால் சுடும் என்று சொன்னேன். பதநீர் காய்ச்சுகிற வாசனை தெருமுனைக்கு வரும் என்று சொன்னேன். தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிய கருப்பட்டியைச் சூடு ஆறுவதற்குள் எப்படித் தட்டி எடுப்பார்கள் என்று சொன்னேன். நடுநடுவே, “கேக்கியா தாயி?” என்பேன். முதுகில் தம்ளர் ணங் என்று அடிக்கும். கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு மேலே சொல்வேன்.

நான் நடந்தால் தம்ளர் ஆடும். நின்றால் நிற்கும். அது எனக்குத் தோன்றவில்லை.

ஓர் ஓடை வந்தது. அவளுக்குத் தண்ணீர் எடுக்கலாம் என்று, தம்ளரை அவிழ்க்க அவள் இடுப்பைத் தொட்டேன்.

திரும்பிப் பார்த்தேன். காலையில் எங்களோடு ஒட்டி நடந்த கூட்டம் தூரத்தில் நின்றது. அவர்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நம் பக்கத்து ஆள் ஒருவர் சொன்னார்: “நீரு கத சொல்லிக்கிட்டே போனீரு. எங்களுக்கு வாய் வரல.”

அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களும் செத்துக்கொண்டுதான் நடந்தார்கள். ஆனால் அன்றிலிருந்து, கேட்கிறார்களா என்று தெரியாமல் கதை சொல்வது எனக்குப் பயம். கதை அச்சில் வந்து, ஒருவரும் ஒன்றும் சொல்லாமல் இருந்த அந்த ஒரு வருஷம் முழுவதும் நான் அதே பாதையில் நடந்துகொண்டிருந்தேன். உங்கள் முதல் கடிதம் வந்தபோது, யாரோ கேட்கிறார்கள் என்று தெரிந்தது. அதனால்தான் எழுதினேன். நீங்கள் கேட்கிறீர்கள் என்பதற்காக அவளை உயிரோடு கொண்டுவரவும் பார்த்தேன். நீங்கள் பின்னாலிருந்து சொல்லிவிட்டீர்கள்.

பழைய முடிவை எரித்துவிட்டேன். இதுதான் உண்மையான கடைசி அத்தியாயம். ஓடைக்கரையில் முடிகிறது. தம்ளர் இதில் இருக்கிறது. முற்றும் என்று போட்டிருக்கிறேன். இதை எழுதத்தான் இத்தனை நாள் இருந்தேன் போலிருக்கிறது. இனிமேல் எதற்கு என்று தெரியவில்லை.

பெயரைக் கேட்டிருந்தீர்கள். சொல்லிவிட்டேன்.

ஆவுடையப்பன்

*

சேசு மரி சூசை

தூத்துக்குடி,
நவம்பர் 3, 1945

தம்பி ஆவுடையப்பனுக்கு,

வாசித்தேன். கடை முன்னால் வாசிக்கவில்லை. ஆக்னஸுக்கு மட்டும் வாசித்தேன். அவள் அரிவாள்மணையை மடக்கி வைத்துவிட்டுக் கேட்டாள். அதில் ஓர் எழுத்தையும் மாற்றாதீர். எந்த ஆசிரியர் சொன்னாலும் மாற்றாதீர்.

நேற்று மரித்த ஆத்துமாக்கள் திருநாள். எங்கள் கோவிலில் அவரவர் வீட்டில் இறந்தவர்களின் பெயரைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். சாமியார் பூசையில் ஒவ்வொரு பெயராக வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் நாங்கள் நித்திய இளைப்பாற்றி செபம் சொல்வோம். இத்தனை வருஷமும் மரியான் பெயரை நான் யாரிடமாவது சொல்லித்தான் எழுதிப் போட்டேன். அவர்கள் என்ன எழுதினார்கள் என்று நான் பார்த்ததில்லை. போன வருஷமே எழுதத் தெரிந்தும் மனம் வரவில்லை, இந்த வருஷம் நானே எழுதினேன். ஒரு சீட்டில் மரியான் மச்சாது. இன்னொரு சீட்டில் சந்தனமாரி. ‘ந்த’வில் புள்ளி விட்டுப்போனதால் மறுபடி ஒரு சீட்டு வாங்கி நன்றாக எழுதினேன்.

எனக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் முன்னால் போய் உட்கார்ந்தேன். மரியான் பெயர் வந்தது. அடுத்த சீட்டைச் சாமியார் எடுத்தார். பார்த்தார். ஓரமாக வைத்துவிட்டு வேறு சீட்டை எடுத்தார். நான் எழுந்து நின்றேன்.

“சாமி, ஒரு பேரு விட்டுப்போச்சு.”

“அது நம்ம சபையில இல்லாத பேரு, கஸ்பார். உக்காரும்.”

“வழியில செத்த பிள்ள சாமி. செத்துட்டுன்னு அப்பன்ட்ட சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரல.”

“உக்காரும்ங்கேன்.”

நான் உட்காரவில்லை. கடலில் இன்னொரு தோணியைக் கூப்பிடுகிற சத்தத்தில் சொன்னேன்: “சந்தனமாரி! ஆறு வயசு! ஆவுடையப்பன் மக!”

சாமியார் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். இனி என்னை வெளியே போகச் சொல்வார் என்று நினைத்தேன். அப்போது எனக்குப் பின்னால், பெண்கள் பக்கத்திலிருந்து, ஒரே ஒரு குரல் நித்திய இளைப்பாற்றி சொல்லத் தொடங்கியது. ஆக்னஸ் குரல். பிறகு இன்பமணி சேர்ந்தாள். பிறகு ஆண்கள் பக்கம். பிறகு கோவில் முழுவதும், எனக்கே நன்றாகக் கேட்கிற அளவுக்கு.

இந்தத் தடவை பின்னால் இருந்தவர்கள் சொன்னார்கள் தம்பி. உமக்கு அதை எழுதத்தான் விடிந்ததும் உட்கார்ந்தேன். எல்லோரும் முடிக்கிற வரைக்கும் சாமியார் காத்திருந்து அடுத்த சீட்டை எடுத்தார்.

இப்போது எனக்கு ஒரு சந்தேகம். ‘முற்றும்’ என்று போட்டிருக்கிறீர். பிள்ளை போய்விட்டது. சரி. அப்பன்? அவன் கையில் தம்ளரோடு ஓடைக்கரையில் நிற்கிறான். நான் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. அவன் அங்கிருந்து எப்படி எழுந்து நடந்தான்? யார் அவனுக்குச் சோறு கொடுத்தார்கள்? மதுரை வரை எப்படி வந்தான்? வத்தல் மண்டியில் எப்படிச் சேர்ந்தான்? அந்தத் தம்ளர் இப்போது எங்கே இருக்கிறது?

எனக்குத் தெரிய வேண்டும். கடை முன்னால் இருக்கிறவர்களுக்கும் தெரிய வேண்டும். அவனை அங்கே விட்டுவிட்டு முற்றும் போட உமக்கு யார் சொன்னது?

அப்பன் ஓடைக்கரையில் நிற்கிறான் தம்பி. மிச்சக் காகிதம் எங்கே?

ஆமென்.
கஸ்பார் மச்சாது